டிசம்பர் 21-க்குப் பிறகும் விடியல் ஏன் தள்ளிப்போகிறது? நகரங்களில் பகலும் அந்தியும்

அதிகாலை_நடை

வட அரைக்கோளத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வருகிறது. அப்படியானால் அன்றைக்குத்தான் சூரியன் மிகத் தாமதமாக உதிக்க வேண்டும், மிகச் சீக்கிரம் மறைய வேண்டும். ஆனால் எந்த நகரத்தின் அட்டவணையைப் பார்த்தாலும் அப்படி இல்லை. லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மிகச் சீக்கிரமாகச் சூரியன் மறைவது டிசம்பர் 12-ஐ ஒட்டி, மாலை 3.51-க்கு. மிகத் தாமதமாக உதிப்பது டிசம்பரின் கடைசி நாட்களில், காலை 8.06-க்கு. குறுகிய பகல் இவை இரண்டுக்கும் நடுவே விழுகிறது.

விடிவதற்கு முன்பே நடக்கக் கிளம்புகிறவன் நான். டிசம்பர் கடைசியில் எல்லோரும் "இனி பகல் நீளும்" என்பார்கள். மாலையில் அது தெரிகிறது. காலையில் தெரிவதில்லை; ஜனவரியில் இருட்டு இன்னும் கூடுவதுபோலத்தான் இருக்கிறது. இதற்கு என்ன காரணம்?

கூடவே இன்னொரு கேள்வி. சில நகரங்களில் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடுகிறது. சில இடங்களில் வெளிச்சம் போகவே மாட்டேன் என்கிறது. இதுவும் பருவத்தோடு மாறுமா?

நிழல்கடிகாரம்

நல்ல கேள்வி. பெரும்பாலான விளக்கங்கள் இதைத் தொடாமலே தாண்டிப் போய்விடுகின்றன.

பகலை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, அதன் நீளம். மற்றது, அதன் நடுப்புள்ளி, அதாவது சூரியன் உச்சிக்கு வரும் நேரம். நீளம் மாறுவதைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம்: பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது, அதனால் வருவது. நடுப்புள்ளியும் ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் நகர்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஒரு உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரை எப்போதும் சரியாக 24 மணி நேரம் ஆவதில்லை. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் 24 மணி நேரத்துக்கு மேல் சுமார் 30 விநாடி ஆகிறது. நம் கடிகாரமோ சரியாக 24 மணி நேரத்தில் ஓடுகிறது. ஆகவே அந்த நாட்களில் உச்சிப்பொழுது தினமும் அரை நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் மூன்றரை நிமிடம். உச்சி தள்ளிப்போனால் அதன் இரண்டு பக்கமும் இருக்கும் உதயமும் மறைவும் சேர்ந்தே தள்ளிப்போகும்.

இன்னொரு பக்கம், பகலின் நீளம் அந்த நாட்களில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஊஞ்சல் ஒரு முனைக்குப் போய்த் திரும்பும் இடத்தில் வேகம் இல்லாமல் இருப்பதுபோல. லண்டனில் டிசம்பர் 12-க்கும் 21-க்கும் இடையே மாலைப் பக்கத்தில் பகல் இழப்பது இரண்டரை நிமிடம்தான். அதே காலத்தில் உச்சி நாலரை நிமிடம் தள்ளிப்போகிறது. எது பெரிதோ அதுதான் ஜெயிக்கும். அதனால் பகல் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே மாலை நீளத் தொடங்கிவிடுகிறது. காலைக்கோ இரண்டும் பாதகம். பகல் நீள ஆரம்பித்த பிறகும், அந்த ஆதாயம் தினசரித் தள்ளலை மிஞ்சும் வரை உதயம் பின்னால்தான் போகும்.

உச்சி ஏன் இப்படி நகர்கிறது என்றால் இரண்டு காரணங்கள். பூமி ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகே வருகிறது. அப்போது அதன் வேகம் விநாடிக்கு 30.3 கிலோமீட்டர், ஜூலை தொடக்கத்தில் 29.3. வேகமாக நகரும்போது, அதே சூரியனை மறுபடி உச்சிக்குக் கொண்டுவர பூமி கொஞ்சம் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. இரண்டாவது, மறுபடியும் அச்சின் சாய்வு. ஜூன், டிசம்பரில் வானில் சூரியனின் வடக்கு–தெற்கு நகர்வு நின்று, நகர்வு முழுக்கக் கிழக்கு நோக்கியே அமைகிறது. அதற்கும் கூடுதல் சுழற்சி வேண்டும். டிசம்பரில் இந்த இரண்டு காரணங்களும் ஒன்றுசேர்கின்றன. ஜூனில் ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டுகின்றன. அதனால்தான் லண்டனின் கோடையில் இந்த விலகல் சிறிது: சீக்கிரமான உதயம் ஜூன் 17, தாமதமான மறைவு ஜூன் 25 வாக்கில்.

இப்படிச் சேரும் மொத்த வித்தியாசத்துக்குப் பெயர் நேரச் சமன்பாடு. நிழல் கடிகாரம் நவம்பர் 3 வாக்கில் நம் கைக்கடிகாரத்தைவிட 16 நிமிடம் முன்னால் போகும். பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பின்தங்கும்.

தெற்குக்காற்று

இந்த விலகலை உண்மையில் பார்க்க வேண்டுமானால் லண்டன் சரியான நகரம் இல்லை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கத்தான் இது பெரிதாகிறது.

சென்னை 13 டிகிரி வடக்கு. அங்கே டிசம்பர் பகல் 11 மணி 21 நிமிடம், ஜூன் பகல் 12 மணி 54 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே மேல். பகலின் நீளம் இவ்வளவு மெதுவாக மாறுவதால் உச்சியின் நகர்வு எளிதாக ஜெயித்துவிடுகிறது. விளைவு: மிகச் சீக்கிரமான மாலை நவம்பர் 20-ஐ ஒட்டி வருகிறது, 5.39-க்கு. மிகத் தாமதமான காலை ஜனவரி 25-ஐ ஒட்டி, 6.36-க்கு. இடைவெளி இரண்டு மாதம்! டிசம்பர் 21 அன்று அங்கே சூரியன் மறைவது 5.48-க்கு, அதாவது குறுகிய பகல் வருவதற்குள் மாலை ஏற்கெனவே ஒன்பது நிமிடம் மீண்டுவிட்டது.

சிங்கப்பூர் இன்னும் தெளிவான உதாரணம். ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி 3 நிமிடத்துக்கும் 12 மணி 12 நிமிடத்துக்கும் நடுவே நிற்கிறது. ஆனால் உதயம் நவம்பர் தொடக்கத்தில் காலை 6.46, பிப்ரவரி நடுவில் 7.17. ஒன்பது நிமிடம் மட்டுமே மாறும் பகல், அரை மணி நேரம் அலைகிறது. அங்கே காலை ஏன் மாறுகிறது என்று யாராவது கேட்டால், "பருவத்தால்" என்று சொல்வது தவறான பதில். கிட்டத்தட்ட முழுக்கவே நேரச் சமன்பாடுதான்.

தெற்கு அரைக்கோளத்தையும் மறந்துவிட வேண்டாம். சிட்னியில் டிசம்பர் 21 மிக நீண்ட பகல், 14 மணி 24 நிமிடம். ஆனால் உச்சி தள்ளிப்போவது பூமி முழுமைக்கும் பொது. அதனால் அங்கே சீக்கிரமான உதயம் டிசம்பர் முதல் பாதியிலும், தாமதமான மறைவு ஜனவரி முதல் பாதியிலும் வருகிறது.

சந்தேகம்கேள்

ஒரு நிமிடம். நிலநடுக்கோட்டில் பகலும் இரவும் சமம் என்றுதானே படித்தோம்? சிங்கப்பூரில் குறைந்தபட்சமே 12 மணி 3 நிமிடம் என்றால், அந்த மூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது?

நிழல்கடிகாரம்

சூரியன் ஒரு புள்ளி இல்லை, வட்டு. அதன் மேல் விளிம்பு தொடுவானத்தைத் தொட்டாலே உதயம் என்று கணக்கு. வட்டின் மையத்திலிருந்து விளிம்பு வரை 16 கலை (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). அதோடு காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், உண்மையில் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியன் மேலே தெரிகிறது. அது சுமார் 34 கலை. இரண்டும் சேர்ந்து நிலநடுக்கோட்டில் பகலுக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம் கூட்டிக் கொடுக்கின்றன. சிங்கப்பூர் அதற்குச் சற்று வடக்கே இருப்பதால் டிசம்பரில் அதில் கொஞ்சம் கழிந்து மூன்றாக நிற்கிறது.

இதே காரணத்தால், சம இரவு நாட்கள் என்று சொல்லப்படும் மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய நாட்களில் எந்த நகரத்திலும் பகலும் இரவும் சமமாக இருப்பதில்லை. லண்டனில் 12 மணி நேரப் பகல் மார்ச் 17-ஐ ஒட்டி வருகிறது. சென்னையில் மார்ச் 11-ஐ ஒட்டியே வந்துவிடுகிறது.

ஒளிப்பெட்டி

அந்தியைப் பற்றிக் கேட்டீர்களே, நான் அதற்காகவே கேமரா தூக்குகிறவன். சொல்கிறேன்.

சூரியன் மறைந்த பிறகும் மேல் காற்று மண்டலத்தில் வெயில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த ஒளி சிதறிக் கீழே வருவதுதான் அந்தி வெளிச்சம். சூரியன் தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். 6 டிகிரி வரை குடிமை அந்தி: விளக்கில்லாமல் தெருவில் வேலை பார்க்கலாம். 12 டிகிரி வரை கடல்சார் அந்தி: கடலில் தொடுவானக் கோடு இன்னும் தெரியும். 18 டிகிரி வரை வானியல் அந்தி. அதற்குப் பிறகு வானத்தில் சூரியனின் சுவடே இல்லை. தெளிவான வானத்தில் சூரியன் மறையும்போது தரையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி இருக்கும். குடிமை அந்தி முடியும்போது அது மூன்று லக்ஸ் அளவுக்கு இறங்கியிருக்கும். அவ்வளவு பெரிய சரிவு கண்ணுக்குப் படிப்படியாகத் தெரிவதால் நாம் உணர்வதில்லை.

இந்த 6 டிகிரியை இறங்க எவ்வளவு நேரம் என்பது சூரியன் எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டருகே கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது. வடக்கே போகப் போகச் சரிந்து, தொடுவானத்தை உரசிக்கொண்டே போகிறது. சென்னையில் குடிமை அந்தி 21 முதல் 23 நிமிடம். ஆண்டு முழுக்க வித்தியாசமே அவ்வளவுதான். லண்டனில் மார்ச், செப்டம்பரில் 33 நிமிடம், டிசம்பரில் 40, ஜூனில் 48.

இந்த லண்டன் எண்களை இன்னொரு முறை பாருங்கள். பகல் மிகக் குறுகி இருக்கும் டிசம்பரில் அந்தி குறுகவில்லை. கோடையிலும் நீளம், குளிர்காலத்திலும் நீளம், நடுவில்தான் குறுகுகிறது. நுணுக்கமாகப் பார்த்தால் வட நகரங்களில் மிகக் குறுகிய அந்தி மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் முதல் பாதியிலும் வருகிறது, அதாவது சம இரவு நாட்களிலிருந்து கொஞ்சம் குளிர்காலப் பக்கம் ஒதுங்கி. போர்த்துக்கீசியக் கணிதர் பெத்ரோ நூனெஸ் 1542-லேயே இந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டார். எனக்கு வானியலில் மிகப் பிடித்த முடிவுகளில் இது ஒன்று.

உயர் அட்சரேகைகளில் அந்தி முடிவதே இல்லை. 48.5 டிகிரிக்கு வடக்கே ஜூன் 21 அன்று வானியல் அந்தி நள்ளிரவிலும் தொடரும். பாரிஸ் அந்தக் கோட்டைச் சற்றே தாண்டியிருக்கிறது. லண்டனில் மே கடைசி வாரத்திலிருந்து ஜூலை நடு வரை முழு இருட்டு கிடையாது. எடின்பரோவில் நடுக்கோடையில் கடல்சார் அந்தியே முடியாது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அப்போது நடு இரவிலும் சூரியன் இரண்டரை டிகிரி அளவே கீழே இருக்கிறது. மறைவுக்கும் உதயத்துக்கும் நடுவே முழுக்கக் குடிமை அந்திதான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சூரியன் மறைந்த பின் உச்சி வானம் ஆழ்ந்த நீலமாவதற்கு ஒளிச்சிதறல் மட்டும் காரணமில்லை. சூரிய ஒளி அப்போது ஓசோன் படலத்தின் ஊடே மிக நீண்ட தூரம் சாய்வாக வருகிறது. ஓசோன் மஞ்சளையும் செம்மஞ்சளையும் உறிஞ்சிவிடுகிறது. மேற்கையே பார்த்துக்கொண்டிருக்காமல் அப்போது கிழக்கே திரும்புங்கள். தொடுவானத்தை ஒட்டி ஒரு நீலச் சாம்பல் பட்டை மேலேறும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு. நகரத்தில் உயரமான மாடி கிடைத்தால் தவறவிடக் கூடாத காட்சி.

கட்டட_வரைவு

எல்லோரும் தொடுவானத்தை வைத்தே பேசுகிறீர்கள். நகரத்தில் தொடுவானம் எங்கே இருக்கிறது? நகரவாசிக்கு அட்டவணை சொல்லும் உதயம் ஒன்று, எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டி வெயில் வரும் நேரம் வேறொன்று. பருவ மாற்றம் அதிகம் உறைப்பது இரண்டாவதில்தான்.

லண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியனின் உயரம் 15 டிகிரி. அந்தக் கோணத்தில் ஒரு கட்டடத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல ஏறக்குறைய 3.7 மடங்கு நீளும். 20 மீட்டர் கட்டடத்துக்கு 74 மீட்டர் நிழல். கிழக்கு மேற்காக ஓடும் தெரு அவ்வளவு அகலம் இருக்காது. எனவே அந்தத் தெருவின் தரையில் வாரக்கணக்கில் நேர் வெயிலே படாது. ஜூன் நண்பகலில் உயரம் 62 டிகிரி; அதே கட்டடத்தின் நிழல் 11 மீட்டருக்குள் அடங்கிவிடும். பகல் எட்டு மணி நேரத்திலிருந்து பதினாறரை மணி நேரமாக நீள்வதைவிட, என் பார்வையில் இதுதான் நகரத்தின் பெரிய பருவ மாற்றம்.

இன்னொன்று திசை. சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது சம இரவு நாட்களை ஒட்டித்தான். லண்டனில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே மறையும் இடம் மேற்கிலிருந்து இரு பக்கமும் சுமார் 40 டிகிரி நகர்கிறது; சென்னையில் 24. ஆகவே ஒவ்வொரு தெருவுக்கும் அதன் வழியே சூரியன் நேராக இறங்கும் நாட்கள் என்று சில உண்டு. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தெருக்கள் 29 டிகிரி திரும்பி அமைந்திருப்பதால் அந்த நாட்கள் மே கடைசியிலும் ஜூலை நடுவாக்கிலும் வருகின்றன. கூட்டம் கூடிப் படம் எடுக்கிறார்கள். நேர் கிழக்கு மேற்குத் தெருவாக இருந்தால் மார்ச், செப்டம்பரில் வரும்.

உயரமும் கணக்கில் வரும். துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். மேல் தளங்களில் இருப்பவர்களுக்குச் சூரியன் சில நிமிடம் தாமதமாக மறைகிறது. 2011-இல் அங்குள்ள மார்க்க அறிஞர்கள், 80-ஆம் தளத்துக்கு மேல் இருப்பவர்கள் நோன்பு திறக்க இரண்டு நிமிடமும் 150-க்கு மேல் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒரே கட்டடத்துக்குள் மூன்று அஸ்தமனங்கள்.

மூன்றாம்_மாடி

நேரம் என்று வந்தால் கடிகாரத்தையும் சொல்ல வேண்டும். மாட்ரிட் கிரீனிச்சுக்கு மேற்கே இருக்கிறது, ஆனால் 1940 முதல், கிரீனிச் நேரத்தைவிட ஒரு மணி முன்னால் இருக்கும் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுகிறது. கோடையில் உச்சிப்பொழுது பிற்பகல் 2.17 வாக்கில் வருகிறது. சூரியன் மறையும்போது மணி ஒன்பதே முக்காலைத் தாண்டியிருக்கும். கொல்கத்தாவும் மும்பையும் ஒரே இந்திய நேரம். ஆனால் சராசரி உச்சிப்பொழுது கொல்கத்தாவில் 11.37, மும்பையில் 12.38. சிங்கப்பூர் 1982 தொடக்கத்தில் தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. அதனால்தான் மேலே சொன்ன உதயம் ஏழு மணியை ஒட்டி இருக்கிறது.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைக்கும் நாடுகளில் மக்களுக்கு ஒரு மணி நேர வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது.

தெற்குக்காற்று

கூடுதலாகக் கிடைப்பதில்லை. காலையிலிருந்து எடுத்து மாலைக்குக் கொடுக்கிறார்கள். ஐந்து மணிக்கே விடியும் லண்டன் ஜூனில் யாருக்கும் இழப்பு தெரியாது, சரி. ஆனால் மார்ச் கடைசியில் கடிகாரம் மாறும்போது, அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்த காலை மறுபடி இருட்டுக்குள் போகிறது. அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டால் வேறு பதில்தான் வரும்.

மூன்றாம்_மாடி

அது உண்மை. ஆனால் பெரும்பாலோர் விழித்திருக்கும் நேரத்தில் வெளிச்சம் இருப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

அதிகாலை_நடை

எல்லோருக்கும் நன்றி. இதை எந்த நகரத்துக்கும் நாமே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

நிழல்கடிகாரம்

உச்சிப்பொழுதுக்கு முடியும், தாளும் பேனாவும் போதும். அந்த நாட்டு நேரம் எந்தத் தீர்க்கரேகைக்கானதோ, அதற்கும் நகரத்தின் தீர்க்கரேகைக்கும் உள்ள வித்தியாசத்தை 4 நிமிடத்தால் பெருக்குங்கள். நகரம் கிழக்கே இருந்தால் 12 மணியிலிருந்து கழியுங்கள், மேற்கே இருந்தால் கூட்டுங்கள். அது சராசரி உச்சி.

அப்புறம் பருவத் திருத்தம். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 வாக்கில் திருத்தமே இல்லை. பிப்ரவரி 11-க்கு 14 நிமிடம் கூட்ட வேண்டும், மே நடுவில் ஏறக்குறைய 4 கழிக்க வேண்டும், ஜூலை 26-க்கு ஆறரை கூட்ட வேண்டும், நவம்பர் 3-க்கு 16 கழிக்க வேண்டும். இந்த நான்கு எண்கள் எல்லா நகரத்துக்கும் ஒன்றே. பகல் நீளத்தில் பாதியை முன்னும் பின்னும் வைத்தால் உதயமும் மறைவும் வந்துவிடும்.

அதிகாலை_நடை

டோக்கியோவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஜப்பான் நேரம் 135 டிகிரிக்கு, நகரம் 139.7-இல். சராசரி உச்சி 11.41 என்று வருகிறது. அட்டவணையில் சீக்கிரமான மாலை டிசம்பர் முதல் வாரத்தில் 4.28, தாமதமான காலை ஜனவரி முதல் வாரத்தில் 6.51. இடைவெளி ஒரு மாதம். டோக்கியோ 35.7 டிகிரி, லண்டனின் இரண்டரை வாரத்துக்கும் சென்னையின் இரண்டு மாதத்துக்கும் நடுவே விழுகிறது. தெற்குக்காற்று சொன்னது அப்படியே பொருந்துகிறது.

நிழல்கடிகாரம்

அருமை. நடைக்கு ஒன்று மட்டும்: உதய நேரத்தைப் பார்க்காதீர்கள், குடிமை அந்தி தொடங்கும் நேரத்தைப் பாருங்கள். லண்டனில் 8.06-க்கு உதிக்கும் நாட்களிலும் 7.26-க்கே பாதை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பிப்ரவரி 11-க்குப் பிறகு உச்சி தள்ளிப்போவது நின்று முன்னால் வர ஆரம்பிக்கும். அதற்குள் பகலும் வேகமாக நீளத் தொடங்கியிருக்கும். பிப்ரவரி கடைசியில் அங்கே காலை தினமும் இரண்டு நிமிடம் முன்னதாக விடியும்.